பாட்டு வாத்தியாரும் வெப்சைட் போடலாம்: 'நோட்பேடு' இருந்தா போதும்!

உச்சிப்புளி:

இசை ஆசிரியர்கள் கம்ப்யூட்டர் படிப்பு படிக்காமலேயே, மாணவர்களுக்கான வெப்சைட்டை சொந்தமாக வடிவமைக்க முடியும்.

உச்சிப்புளி, மண்டபம் பகுதி பிள்ளைகள் அரசு இசைப்பள்ளியில் சேர வேண்டும் என்றால் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏற வேண்டும். அங்குள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாதஸ்வரம், தவில் போன்றவை கற்றுத்தரப்படுகின்றன.

வகுப்பில் கேட்ட ஸ்வரம் வீடு வந்து சேர்வதற்குள் மறந்துபோவது உண்டு. தப்பாகப் பாடிப் பழகிவிட்டால் திருத்துவது வாத்தியாருக்கு இரட்டை வேலை.

வாட்ஸ்-அப்பில் அனுப்பினால் ஆகாதா? ஆகும். ஆனால் நாலு நாளில் அது 'குட் மார்னிங்' படங்களுக்கு அடியில் போய்விடும். புதுசா சேரும் பிள்ளைக்கு முதல் பாடத்தில் இருந்து மறுபடி அனுப்ப வேண்டும். வெப்சைட்டில் பாடங்கள் வரிசை மாறாமல் இருக்கும்.

அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த சிவகுமார் கல்யாணராமன், கர்நாடக இசைப் பாடங்களை ஸ்வரக்குறிப்பு, எம்.பி.3 ஒலி என தன் இணையப்பக்கத்தில் அடுக்கி வைத்தார். பெரிய அலங்காரம் இல்லாத அந்தப் பக்கம் ஏராளமானோருக்கு பாடசாலை ஆனது.

என்ன கற்க வேண்டும்?

வெப்சைட்டின் அடிப்படை மொழி எச்.டி.எம்.எல். இதில் தலைப்பு, பத்தி, அட்டவணை, ஒலி ஆகிய 4 கட்டளைகள் தெரிந்தாலே ஒரு பாடம் தயார்.

ஆதி தாளத்துக்கு 8 அட்சரம். எனவே 8 கட்டம் கொண்ட அட்டவணை போட்டு, 4, 2, 2 எனப் பிரித்து கோடு இழுத்தால் சரளி வரிசை அழகாக உட்காரும்.

மேல் ஸ்தாயிக்கு தலையில் வைக்கும் புள்ளி, தமிழில் மெய்யெழுத்துப் புள்ளியோடு குழம்பிவிடும். அதற்குப் பதில் மேல் ஸ்தாயியை தடித்த எழுத்திலும், கீழ் ஸ்தாயியை அடிக்கோடு போட்டும் காட்டலாம்.

பைலை சேமிக்கும்போது 'யூ.டி.எப்.-8' என்பதை தேர்வு செய்வது அவசியம். பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதைக் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துக்கள் புரியாத குறிகளாக மாறிவிடும்.

'டேட்டா' ஜாக்கிரதை

சி.டி. தரத்தில் பதிவு செய்த ஒரு நிமிட ஒலி சுமார் 10 எம்.பி. பிடிக்கும். அதையே எம்.பி.3 ஆக மாற்றினால் சுமார் 1 எம்.பி.தான். வெறும் குரல் என்றால் அதிலும் பாதி போதும். தினக்கூலி வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய மிச்சம்.

'பிரீலோடு நன்' என்ற சொல்லை ஒலிக் கட்டளையில் சேர்த்தால், மாணவர் பட்டனை அமுக்கும் வரை ஒலி இறங்காது.

ஆண் குரலுக்கு ஒரு கட்டை, பெண் குரலுக்கு ஐந்து கட்டை என இரண்டு சுருதியில் பாடி வைப்பது நல்லது.

செலவு உண்டா?

'கிட்ஹப் பேஜஸ்' போன்றவற்றில் இலவசமாகவே பக்கத்தை ஏற்றலாம். சொந்தப் பெயரில் முகவரி வாங்கினால் மட்டும் ஆண்டுக் கட்டணம் உண்டு.

தியாகராஜர் (1767-1847) கீர்த்தனைகளை யாரும் பாடிப் போடலாம். ஆனால் கேசட், சி.டி.யில் வந்த பதிவுகளுக்கு இந்தியச் சட்டப்படி 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. அதை எடுத்துப் போட்டால் வம்புதான். பிள்ளைகளின் போட்டோவை பெற்றோர் சம்மதம் இல்லாமல் போடக்கூடாது.

கடைசியாக ஒரு சோதனை: பக்கத்தை வீட்டில் இருக்கும் பழைய செல்போனில் திறந்து பார்க்க வேண்டும். அதில் எழுத்து தெரிந்து, பாட்டும் கேட்டால் பாடத்தை மாணவர்களுக்கு கொடுக்கலாம்.