நீரிழிவு நோயும் மரத்துப்போகும் கால்களும்

பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் உழைத்து வாழும் குடும்பங்களுக்குக் கால்களே மூலதனம். நாள்தோறும் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து வேலை செய்யும் ஒருவரின் கால் செயலிழந்தால், அவருடைய வருவாய் மட்டுமன்றி, அவரை நம்பியிருக்கும் குடும்பமும் நிலைகுலையும். அத்தகைய கால்களை ஓசையின்றிக் கெடுக்கும் நோய் நீரிழிவு. நம் மக்கள் இதனை 'இனிப்பு நீர்' என்று வழங்குவர். 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு, இந்நோய் உள்ளது.

நரம்பு கெடுவது எவ்வாறு?

இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால், நரம்புகளும் அவற்றுக்கு ஊட்டமளிக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. உடலின் மிக நீண்ட நரம்புகள் பாதங்களைச் சென்றடைகின்றன. ஆதலால் கேடு முதலில் கால்விரல்களில் தோன்றிப் படிப்படியாக மேலேறுகிறது.

தொடக்கத்தில் எரிச்சலும், ஊசி குத்துவது போன்ற வலியும், மதமதப்பும் ஏற்படலாம். நாளடைவில் உணர்ச்சியே அற்றுப்போகலாம். வலி நின்றுவிட்டதால் நோய் தீர்ந்தது என எண்ணுவது பெருந்தவறு. முள் தைத்தாலும், சப்பாத்துக்குள் கல் கிடந்தாலும் அறிய இயலாத நிலையே மிகவும் ஆபத்தானது. கவனிக்கப்படாத சிறு புண் முற்றி, காலையே இழக்க நேரிடலாம்.

இயன்முறைச் சிகிச்சையின் பயன்

'பிசியோதெரபி' எனப்படும் இயன்முறைச் சிகிச்சை, கெட்ட நரம்பைப் புதிதாக்கிவிடும் என்று கூற இயலாது. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் மருந்தை ஒழுங்காக உட்கொள்வதுமே அடிப்படையாகும். ஆயினும், தளர்ந்த தசைகளுக்கு வலிமையூட்டவும், கணுக்காலின் விறைப்பைக் குறைக்கவும், நடையில் ஏற்படும் தடுமாற்றத்தைத் தணிக்கவும் இச்சிகிச்சை பெரிதும் உதவும். பாதம் தரையை உணராதபோது, குறிப்பாக இருளில், விழும் அபாயம் மிகுதி என்பதை மறத்தலாகாது.

காலில் புண் இல்லாதவர்கள், மருத்துவரின் ஒப்புதலுடன் வீட்டிலேயே பின்வரும் பயிற்சிகளைச் செய்யலாம்:

1. நாற்காலியில் அமர்ந்து, பாதங்களை மேலும் கீழும் பத்து முறை அசைத்தல்.

2. தரையில் விரித்த துண்டைக் கால்விரல்களால் சுருட்டி இழுத்தல்.

3. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக அமர்தல்.

4. மேசையைப் பற்றிக்கொண்டு குதிகால்களை உயர்த்தித் தாழ்த்துதல்; பின்னர் ஒற்றைக் காலில் சில விநாடிகள் நிற்றல். அருகில் ஒருவர் துணையிருத்தல் நலம்.

இவற்றுடன், வாரத்திற்கு மொத்தம் 150 நிமிடங்கள் நடத்தல் அல்லது அதற்கு ஈடான பயிற்சி செய்தல் நீரிழிவு நோயாளிகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. புதிதாகத் தொடங்குவோர் சில நிமிடங்களில் தொடங்கிச் சிறுகச் சிறுகக் கூட்டுவதே முறை.

கவனிக்க வேண்டியவை

பாதத்தில் புண் இருந்தால் நடைப்பயிற்சியை நிறுத்தி, அமர்ந்தபடி செய்யும் பயிற்சிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறிக. ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால், வலி இல்லாவிடினும் அக்காலை ஊன்றாமல் உடனே மருத்துவரை நாடுக. எலும்பும் மூட்டும் நொறுங்கத் தொடங்கியதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

மரத்த பாதத்திற்குச் சுடுநீர் ஒத்தடம் கூடாது; தோல் வெந்தாலும் தெரியாது. வெறுங்காலுடன் வீட்டினுள்ளும் நடத்தலாகாது. சப்பாத்தை அணியுமுன் கவிழ்த்துத் தட்டுக. இரவுதோறும் பாதங்களைக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பார்த்தறிக. கண்பார்வை குறைந்த முதியோருக்குப் பிள்ளைகள் பார்த்து உதவலாம். இன்சுலின் போன்ற மருந்துகளால் பயிற்சியின்போது சர்க்கரை வெகுவாகக் குறையக்கூடும். ஆகவே மிட்டாய் ஒன்றைக் கையில் வைத்திருத்தல் வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாதப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைக் கண்டறியும் இச்சோதனை வலியற்றது. சில நிமிடங்களில் முடிவது. அடுத்த முறை அரசாங்க கிளினிக்கிற்குச் செல்லும்போது, மருந்தை மட்டும் வாங்கித் திரும்பாமல், "என் பாதங்களையும் பார்த்துவிடுங்கள்" என்று கேளுங்கள். தேவைப்படின், இயன்முறைச் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதமும் பெற்றுக்கொள்ளுங்கள். குடும்பத்தைச் சுமக்கும் கால்களைக் காப்பது குடும்பத்தையே காப்பதாகும்.