ஆவியில் வெந்த முழு மீன்

தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்திலும் ஹாங்காங்கிலும், துள்ளத் துள்ள நல்ல மீன் கிடைத்தால் பொரிக்க மனம் வராது. முழுசாக ஆவியில் வேகவைப்பார்கள். களவா மீனுக்கு அங்கே தனி மதிப்பு. தட்டில் வெங்காயத்தாள் தண்டுகளைப் பரப்பி, கழுவிய மீனை அதன்மேல் கிடத்துவார்கள். அடிப்பக்கமும் ஆவி புகுந்து சீராக வேகும். வயிற்றுக்குள் இஞ்சிச் சீவல். ஆவிப் பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே தட்டை உள்ளே வைக்க வேண்டும். அரை கிலோ மீனுக்கு 8 முதல் 10 நிமிடம். முதுகெலும்பை ஒட்டிய சதை வெளுத்து, எலும்பிலிருந்து சுலபமாகக் கழன்றால் பதம் சரி.

இனிதான் முக்கியமான வேலை. தட்டில் தேங்கிய நீரில்தான் கவுச்சி இருக்கிறது, தயங்காமல் கொட்டிவிடுங்கள். நூல்போல நறுக்கிய இஞ்சியையும் வெங்காயத்தாளையும் மீன்மேல் தூவி, புகையக் காய்ந்த எண்ணெயை இரண்டு கரண்டி ஊற்றினால், சடசடவென்று பொரிந்து மணம் வீடெங்கும் பரவும். ஓரமாகக் கொஞ்சம் சோயா சாஸ் விடுங்கள். மொத்த எண்ணெயும் அந்த இரண்டு கரண்டிதான் என்பதால் இரவில் வயிற்றுக்கு இதம். சோயா சாஸே உப்புதான். தனியாக உப்பு வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சாஸையும் குறைத்துக்கொள்ள வேண்டும். பரிமாறும்போது மீனின் தலையை முக்கிய விருந்தாளி பக்கமாகத் திருப்பி வைப்பது சீனர்களின் மரியாதை.