உங்கள் மானிட்டரில் நம்மூர் இலைகள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் மாற்றிப் பார்ப்பது திரையின் பின்னணிப் படமான வால்பேப்பரைத்தான். 2001ல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு அதிலிருந்த இலையுதிர் காலப் படம் நினைவிருக்கலாம். மரங்கள் நிறைந்த ஒரு பாதை; தரையெல்லாம் பழுத்து உதிர்ந்த இலைகள். பீட்டர் பரியன் என்ற போட்டோகிராபர் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் எடுத்த படம் அது. கனடாவிலும் அமெரிக்காவின் வெர்மான்ட் போன்ற மாநிலங்களிலும் செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை இந்த நிறங்களைப் பார்க்கவே மக்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். காஷ்மீரில் சினார் மரங்கள் அக்டோபர், நவம்பரில் சிவக்கும்.

தியாகராய நகரில் அக்டோபர் என்றால் தீபாவளிக் கூட்டமும் வடகிழக்குப் பருவமழையும்தான். அப்படியானால் நமக்கு இலை நிறம் பார்க்கும் பயணமே கிடையாதா? உண்டு. மாதம் வேறு, பார்க்க வேண்டிய இலையும் வேறு. எங்கே வண்டியை நிறுத்தலாம், எப்படிப் படம் எடுக்கலாம், எடுத்த படங்களை எப்படிப் பாதுகாப்பாகக் கம்ப்யூட்டரில் சேர்க்கலாம் என்று இங்கு பார்க்கலாம்.

எந்த இலை, எந்த மாதம்?

குளிர் நாடுகளில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல் நேரத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. ஒன்டாரியோவின் தெற்குப் பகுதியில் இது 6 மணி நேரத்துக்கும் அதிகம். பகல் சுருங்கி, குளிர் கூடும்போது மரம் இலையில் உள்ள பச்சையத்தைச் சிதைக்கத் தொடங்கும். அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறம் அப்போது வெளியே தெரியும். சில மரங்களில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறப்பொருளும் புதிதாக உருவாகும்.

சென்னையில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். இங்கே பல மரங்கள் இலையைக் கொட்டுவதற்கு முக்கியக் காரணம் வறட்சி. அதுவும் எல்லா மரங்களும் ஒரே வாரத்தில் கொட்டுவதில்லை. ஆனால் கொட்டிய பிறகு வரும் தளிரைக் கவனித்திருக்கிறீர்களா? அரசு, இலுப்பை, மா, வேம்பு போன்ற மரங்களின் இளந்தளிர் செம்பு நிறத்திலோ சிவப்பாகவோ இருக்கும். இதற்கும் காரணம் அதே ஆந்தோசயனின்தான். பச்சையம் முழுமையாக உருவாகும் வரை மென்மையான தளிரை அது கடும் வெயிலில் இருந்து காக்கிறது என்று விஞ்ஞானிகள் விளக்குகிறார்கள்.

அவர்களுக்கு இலை உதிரும்போது நிறம். நமக்குப் பெரும்பாலும் இலை துளிர்க்கும்போது நிறம். தி.நகர் பட்டுக்கடையில் போய் 'மாந்தளிர் கலர்' என்று கேட்டுப் பாருங்கள். மறுகேள்வி இல்லாமல் புடவையை எடுத்து விரிப்பார்கள்.

இந்தப் பயணத்துக்கு ஏற்ற காலம் மாசியும் பங்குனியும். அதாவது பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை. ஆனால் ஒரு மரத்தில் தளிரின் செந்நிறம் சில நாட்களே இருக்கும். பிறகு பச்சையாகிவிடும். எனவே தயாராக இருக்க வேண்டும்.

கிளம்பும் முன்

முதலில் கேமராவில் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மொபைல் போனில் இவை தாமாகவே சரியாகிவிடும். தனி டிஜிட்டல் கேமராவில், பேட்டரி பல நாள் சார்ஜ் இல்லாமல் இருந்தால் தேதி மாறிவிடலாம். இது ஏன் முக்கியம் என்று பின்னர் பார்ப்போம்.

அடுத்து, மெமரியில் இடம். 12 மெகாபிக்ஸல் படம் ஒன்று சுமார் 4 அல்லது 5 எம்பி இடம் எடுக்கும். இரண்டு நாளில் 300 படம் எடுத்தால் ஒன்றரை ஜிபி. இந்த அளவு காலி இடம் இருந்தால் போதும்.

மூன்றாவதாக, மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும். கூகுள் மேப்ஸ் செயலியில் போக வேண்டிய பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே ஆப்லைனில் டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

நிறுத்தம் 1: உங்கள் தெரு

முதல் நிறுத்தத்துக்கு பெட்ரோல் தேவையில்லை. சென்னைத் தெருக்களில் காம்பவுண்ட் சுவரோரம் நிற்கும் பாதாம் மரத்தை, அதாவது பிள்ளைகள் பொறுக்கும் வாதாங்கொட்டை மரத்தைத் தேடுங்கள். இதன் இலைகள் உதிரும் முன் அடர் சிவப்பாகப் பழுக்கும். வெளிநாட்டு இலையுதிர் காலத்துக்கு மிக நெருக்கமாக நம் தெருவில் இருப்பது இதுதான்.

இங்கே ஒரு பயிற்சி. இலைக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி நின்று ஒரு படம் எடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க, அதே இலையை மறுபடி எடுங்கள். முதல் படத்தில் வெளிச்சம் இலையை ஊடுருவி வருவதால் நரம்புகள் தெரியும். சிவப்பு விளக்கு போல் ஒளிரும். வெயிலை எதிர்த்துப் படம் எடுக்கக் கூடாது என்ற பழைய விதி இலைகளுக்குப் பொருந்தாது. லென்ஸில் நேராக வெயில் விழாமல் ஒரு கிளையால் மறைத்துக்கொண்டால் போதும்.

இன்னும் கொஞ்சம் பழக வேண்டுமானால் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குப் போகலாம். அங்குள்ள ஆலமரத்தின் தாய்மரம் 1989ல் சாய்ந்துவிட்டது. விழுதுகள் ஊன்றி மரம் இன்றும் நிற்கிறது. பார்வையாளர்களை அனுமதிக்கும் நேரம் குறைவு. விசாரித்துவிட்டுப் போங்கள்.

நிறுத்தம் 2: காவேரிப்பாக்கம் ஏரி

தி.நகரில் இருந்து அதிகாலை 4.30க்குக் கிளம்பி பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால், சுமார் 100 கி.மீ. தூரத்தில் உள்ள காவேரிப்பாக்கத்துக்கு விடியும் நேரத்தில் போய்விடலாம். மார்ச் நடுவில் சூரிய உதயம் காலை 6.15 மணி அளவில் இருக்கும். தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று இது. ஏரிக்கரை மரங்களும் அவற்றின் நிழலும் காற்று எழும் முன் தண்ணீரில் தெளிவாகத் தெரியும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒயிட் பேலன்ஸ். ஆட்டோவில் விட்டால், காலை வெயிலின் பொன்னிறத்தைக் கேமரா ஒரு குறையாக எண்ணி வெள்ளையாக்கப் பார்க்கும். மெனுவில் சூரியன் படம் போட்ட 'டேலைட்' என்பதைத் தேர்வு செய்திடுங்கள். மொபைலில் 'ப்ரோ' என்ற பிரிவு இருந்தால் அதில் இந்த வசதி கிடைக்கும். ப்ளாஷை நிறுத்திவிடுங்கள்.

நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள். சர்வீஸ் ரோட்டில் இறங்கி, ஊருக்குள் போய் நிறுத்துங்கள். கிராமத்துக் குளக்கரைகளில் உள்ள அரசும் இலுப்பையும் அங்கேதான் கிடைக்கும்.

நிறுத்தம் 3: வேலூர் கோட்டை

16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கருங்கல் கோட்டை, சுற்றிலும் அகழி. இலையைப் படம் எடுக்கக் கோட்டை எதற்கு? பின்னணிக்காகத்தான். செந்தளிருக்குப் பின்னால் கடைப் பலகையும் மின்கம்பியும் இருந்தால் கண் எங்கெங்கோ போகும். சாம்பல் நிறக் கல் இருந்தால் தளிர் மட்டும் எடுப்பாகத் தெரியும். கிளையின் அருகே சென்று, திரையில் தளிரின் மேல் தொட்டு போகஸ் செய்துவிட்டு, வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுங்கள். அதிக வெளிச்சத்தில் சிவப்பு நிறம் மட்டும் அப்பிக்கொண்டு, இலையின் வரிகள் மறைந்துவிடும்.

நிறுத்தம் 4: ஏலகிரி மலைப்பாதை

திருப்பத்தூர் மாவட்டத்தில், சென்னையில் இருந்து சுமார் 230 கி.மீ. தூரத்தில் உள்ளது ஏலகிரி. மலையேறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை இவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். மாசியில் மலைச்சரிவில் ஒரு மரம் மொட்டையாகவும் அடுத்தது மஞ்சளாகவும் இன்னொன்று புதுத் தளிரோடும் நிற்பதை ஒரே படத்தில் பிடிக்கலாம்.

நண்பகல் வெயிலில் நிறங்கள் வெளுத்துப்போகும். அந்த நேரம் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும். மாலை 4 மணிக்கு மேல் கேமராவை எடுங்கள். வளைவுகளில் வண்டியை நிறுத்துவது ஆபத்து. காட்சி முனைகள் இருக்கும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். இரவு மலையில் தங்கிவிடலாம்.

நிறுத்தம் 5: காவலூர்

மறுநாள் இறங்கி, வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் உள்ள காவலூருக்குச் செல்லலாம். இங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள இதன் தொலைநோக்கி 1986ல் தொடங்கிவைக்கப்பட்டது. உள்ளே போய்ப் பார்க்க விரும்பினால் பார்வை நேரத்தை முன்கூட்டியே கேட்டறியுங்கள். பாதை நெடுகிலும் வறண்ட இலையுதிர் காடு. சருகு விரிந்த தரையும் மொட்டைக் கிளைகளும் சேர்ந்து, எக்ஸ்பி படத்துக்குப் போட்டி போடும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நமக்கு இலை நிறக் காலம்தான் காட்டுத்தீக் காலமும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். எனவே சாலையை விட்டு விலகிக் காட்டுக்குள் நுழையாதீர்கள். நெருப்பு வேண்டவே வேண்டாம். வனத்துறை தடுத்தால் திரும்பிவிடுங்கள்.

கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி?

1. போனை யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்திடுங்கள். ஆண்ட்ராய்ட் போன் முதலில் சார்ஜ் மட்டும் ஏறும். மேலிருந்து திரையை இழுத்து, வரும் அறிவிப்பில் 'பைல் ட்ரான்ஸ்பர்' என்பதைத் தேர்வு செய்திடுங்கள்.

2. பைல் எக்ஸ்ப்ளோரரில் உங்கள் போனின் பெயர் தெரியும். அதைத் திறந்து, டிசிஐஎம் என்ற போல்டருக்குள் உள்ள 'கேமரா' போல்டருக்குச் செல்லுங்கள்.

3. 'பிக்சர்ஸ்' போல்டரில் புதிய போல்டர் ஒன்றை உருவாக்குங்கள். பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், நாள், இடம் என்று கொடுங்கள். எடுத்துக்காட்டாக: 2025-03-15-ஏலகிரி. இப்படிக் கொடுத்தால் போல்டர்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

4. படங்களை 'காப்பி' செய்து ஒட்டுங்கள். 'கட்' வேண்டாம். பாதியில் கேபிள் அசைந்தால் படம் போய்விடும்.

5. நான்கைந்து படங்களைத் திறந்து பாருங்கள். பிறகு பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ இன்னொரு காப்பி எடுங்கள். இரண்டு இடத்தில் படம் இருப்பது உறுதியான பின்னரே போனில் உள்ளதை அழியுங்கள்.

சிலர் வாட்ஸ்அப் மூலம் தங்களுக்கே படங்களை அனுப்பிக்கொள்கிறார்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த தேதி முதலான தகவல்களும் போய்விடும். 'டாகுமென்ட்' என்று தேர்வு செய்து அனுப்பினால் மூலப்படம் அப்படியே வரும்.

தேதி எதற்கு?

ஒரு படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்டீஸ்' சென்று, 'டீடெயில்ஸ்' டேபைப் பாருங்கள். 'டேட் டேக்கன்' என்ற வரியில் படம் எடுத்த நாளும் நேரமும் இருக்கும். வெர்மான்ட்டில் எந்த வாரம் இலை சிவக்கும் என்று ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள். உங்கள் தெரு அரசமரம் எப்போது துளிர்க்கும் என்று யாரும் அறிவிப்பதில்லை. ஒரே மரத்தை ஆண்டுதோறும் எடுத்து வைத்தால், அந்தத் தேதி வரிசையே உங்கள் மரத்தின் பஞ்சாங்கம். அடுத்த ஆண்டு எந்த வாரம் கிளம்பலாம் என்பதற்கும் அதுவே வழிகாட்டி. மரங்கள் துளிர்ப்பதையும் பூப்பதையும் பொதுமக்களைக் கொண்டே பதிவு செய்யும் சீசன்வாட்ச் என்ற திட்டமும் இந்தியாவில் உண்டு.

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே நாளில் இழந்தது. அவற்றில் எத்தனை மரங்களுக்கு ஒரு படமாவது இருக்கும்? மலைக்குப் போக முடியாவிட்டாலும் தெரு மரத்தை எடுத்து வையுங்கள்.

கடைசியாக வால்பேப்பர். இதற்கான படத்தை கேமராவைப் படுக்கைவாக்கில் பிடித்து எடுங்கள். ஐகான்கள் திரையின் இடப்பக்கம் நிற்பதால், அந்தப் பக்கம் வானமோ சுவரோ வரட்டும். தளிர் வலப்பக்கம் இருக்கட்டும். 1920க்கு 1080 அளவுள்ள மானிட்டருக்கு 2 மெகாபிக்ஸலுக்குச் சற்று அதிகமாக இருந்தாலே போதும். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, 'செட் ஆஸ் டெஸ்க்டாப் பேக்ரவுண்ட்' என்பதில் கிளிக் செய்திடுங்கள். நம்மூர்த் தளிர் உங்கள் திரைக்கு வந்துவிடும்.