மீனைக் கேட்டால் ஓடை தெரியும்

ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், பிடித்த நேரத்தில் அது எப்படி இருந்தது என்று தெரியும். ராத்திரி கழிவைத் திறந்துவிட்டு விடியும் முன் மூடிவிடும் ஆலை அதில் சிக்காமல் போகலாம். ஓடையிலேயே கிடக்கும் மீனுக்கு அப்படித் தப்ப வழியில்லை. எல்லா ராத்திரியும் அதன் உடம்பு வழியாகத்தான் போகிறது.

இதைக் கணக்காக மாற்றியவர் அமெரிக்க உயிரியலாளர் ஜேம்ஸ் கார். அந்நாட்டின் மத்திய மேற்கு ஓடைகளுக்காக 1981-ல் அவர் வகுத்த குறியீட்டில் 12 அளவைகள். மொத்தம் எத்தனை இனம்? மாசு தாங்காதவை உண்டா? கிடைத்ததைத் தின்று பிழைப்பவை எவ்வளவு பங்கு? கட்டியும் துடுப்பு அரிப்பும் எத்தனை மீன்களில்? லேசாக மின்சாரம் பாய்ச்சி, மயங்கிய மீன்களை எண்ணிவிட்டுத் திரும்ப விடுவார்கள். கெடாத ஓடையோடு ஒப்பிட்டு ஒவ்வொரு அளவைக்கும் 5, 3 அல்லது 1 மதிப்பெண். முழு மதிப்பெண் 60.

வலை நிறைய மீன் விழுந்தாலே ஓடை நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். ஆனால் பச்சை சன்ஃபிஷ் என்ற மீன் அமெரிக்க மத்திய மேற்கில் கெட்டுப்போன ஓடையில்தான் பெருகும். கல்லிடுக்கில் வாழும் விரல் நீள டார்ட்டர் மீன்களோ, வண்டல் படிந்தால் குறைந்துவிடும். எத்தனை மீன் என்பதைவிட எந்த மீன் என்பதே முக்கியம்.

தண்ணீர் சுத்தமாக இருந்தும் மீன் இல்லாத ஓடைகள் உண்டு. அங்கே தரையைப் பார்க்க வேண்டும். 1954-ல் வோல்மன் என்ற ஆராய்ச்சியாளர் சொன்ன முறை மிக எளிது: ஓடைக்குள் நடந்து, கீழே பார்க்காமல் கால் நுனியில் தட்டுப்படும் கல்லை எடுத்து அளக்க வேண்டும். இப்படி 100 கற்கள். சால்மனும் டிரவுட்டும் கூழாங்கற்களில் குழி பறித்து முட்டையிடுகின்றன. கற்களின் இடுக்குகளைப் பொடிமணல் அடைத்தால் உள்ளே ஆக்சிஜன் போகாது, முட்டைகள் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

ஒரு கல்லைப் புரட்டினால் கேடிஸ்ஃப்ளை என்ற பூச்சியின் புழுவும் கிடைக்கலாம். சில இனங்கள் தாமே நூற்கும் பட்டால் மணல்துகள்களை ஒட்டிக் கூடு செய்துகொள்கின்றன. இந்தப் புழுக்களில் பல வகை இருந்தால் ஓடைக்கு நல்ல அறிகுறி.

ஜேம்ஸ் காரின் பட்டியலை இந்தியாவில் அப்படியே பயன்படுத்த முடியாது, மீன்கள் வேறு. மத்தியப் பிரதேசத்தின் கான், க்ஷிப்ரா ஆறுகளுக்கு ஏற்ப அதை மாற்றிச் செய்த ஆய்வு 1998-ல் வெளிவந்தது. நம் ஆறுகளுக்கும் அப்படிச் செய்ய, ஒப்பிடுவதற்குக் கெடாத ஓடை ஒன்று வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிக் காடுகளில் அப்படிப்பட்ட ஓடைகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. அவற்றின் மீன்களையும் கற்களையும் இப்போதே எண்ணி எழுதி வைத்தாக வேண்டும்.