பயன்படுத்தாத டிரைவரும் ஆபத்துதான்

லினக்ஸ் கெர்னலில் 2009-இல் நுழைந்த ஒரு பிழை 2017 மார்ச்சில்தான் வெளியே தெரிந்தது. அது இருந்த இடம், சீரியல் இணைப்புகளில் தரவு அனுப்ப உதவும் 'என்-எச்டிஎல்சி' டிரைவர். பெரும்பாலோர் பெயர்கூடக் கேட்டிராத இது, உபுண்டு, டெபியன், ஃபெடோரா எனப் பல லினக்ஸ் பதிப்புகளோடும் சேர்ந்தே வந்தது. உரிய வன்பொருள் கணினியில் இருக்க வேண்டியதே இல்லை. சாதாரணப் பயனர் ஒருவர் கேட்டாலே கெர்னல் அதைத் தானாக ஏற்றிவிடும்.

அனுப்பத் தவறிய பஃபரை, அதாவது தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகத் துண்டை, மறுபடி அனுப்புவதற்காக, அதன் முகவரியை டிரைவர் தனியே குறித்து வைத்திருந்தது. அந்தக் குறிப்புக்குச் சரியான பூட்டு இல்லை. அனுப்பும் வேலையும் வரிசையைக் காலி செய்யும் வேலையும் ஒரே சமயத்தில் ஓடினால், ஒரே பஃபர் காலிப் பட்டியலில் இரண்டு முறை ஏறிவிடும். பிறகு அதே நினைவகம் இரண்டு முறை விடுவிக்கப்படும். இரண்டு வேலைகள் இப்படி ஒரே சமயத்தில் ஓடி மோதுவதுதான் ரேஸ் கண்டிஷன். விடுவிக்கப்பட்ட அந்த நினைவகத்தில் தன் தரவை நுழைக்கத் தெரிந்தவர், கணினியை முழுதாக ஆளும் ரூட் அதிகாரத்தையே கைப்பற்றலாம். பலர் லாகின் செய்யும் கல்லூரி சர்வர்களுக்கு இது பெரிய ஆபத்து.

பிழையைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் போபோவ் அதைச் சரிசெய்த விதம் பாராட்டுக்குரியது. இன்னொரு பூட்டைப் போட்டுவிட்டு அவர் ஒதுங்கவில்லை. அந்தத் தனிக் குறிப்பையே நீக்கினார். தவறிய பஃபர் கெர்னலின் வழக்கமான பட்டியலுக்கே, வரிசையின் முன்னால் திரும்பும்படி செய்தார். தகராறுக்குக் காரணமே இல்லாமல் போயிற்று.

ஆனால் பேட்ச் வெளியானதால் மட்டும் உங்கள் கணினி பாதுகாப்பாகிவிடாது. கெர்னல் அப்டேட் பொதுவாக ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் வேலைக்கு வரும். மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடும் சர்வர்களில் புதிய கெர்னல் டிஸ்கில் தூங்க, பழையதே ஓடிக்கொண்டிருக்கும். உடனே ரீஸ்டார்ட் செய்ய வழியில்லையென்றால், தேவையற்ற அந்த டிரைவர் மாட்யூல் ஏறாதபடி தடுத்து வையுங்கள்.

இந்தக் கவலை சர்வர்களோடு முடிவதில்லை. ஆண்ட்ராய்டு போனிலும் பல ரௌட்டர்களிலும் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். அது ஜிபிஎல் உரிமத்தில் வருவதால், அந்தக் கருவியில் உள்ள கெர்னலின் மூலநிரலைக் கேட்டுப் பெறும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஆனால் மூலநிரல் மட்டும் போதாது, அப்டேட்டும் வர வேண்டும். பாதுகாப்பு அப்டேட் எதுவரை கிடைக்கும் என்பதை நிறுவனங்கள் அறிவித்தே ஆக வேண்டும் என்று பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம் இருக்கிறது. இந்தியாவில், வாக்களித்த அப்டேட் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

போனின் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பேட்ச் தேதியை இன்றே பாருங்கள். அடுத்த போன் வாங்கும்போது, கேமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன் அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்று கேளுங்கள்.