வணிகக் கட்டடங்களில் குளிர்பதனப் பொருள் மாற்றம்

வணிகக் கட்டடங்களில் குளிர்பதனப் பொருள் மாற்றம் என்பது அலுவலகங்கள், மருத்துவமனைகள், தங்கும் விடுதிகள் போன்றவற்றின் வளிப்பதன அமைப்புகளில், புவி வெப்பமடைதலைக் கூட்டும் குளிர்பதனப் பொருட்களுக்குப் பதிலாகத் தாக்கம் குறைந்தவற்றைப் பயன்படுத்துவதைக் குறிக்கும். இது பழைய வளிமத்தை எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பும் வேலை மட்டும் அன்று. கம்ப்ரசர் எனப்படும் அமுக்கி, மசகெண்ணெய், குழாய்கள், பாதுகாப்பு ஏற்பாடுகள் ஆகிய அனைத்தும் குறிப்பிட்ட ஒரு பொருளுக்கென வடிவமைக்கப்படுவதால், பல வேளைகளில் இயந்திரத்தையே மாற்ற வேண்டியுள்ளது.

பின்னணி

ஓசோன் படலத்தைக் காக்க 1987 ஆம் ஆண்டில் மொண்ட்ரியால் நெறிமுறை உருவானது. அதன்படி கைவிடப்பட்ட பொருட்களின் இடத்தை ஐதரோபுளோரோகார்பன்கள் பிடித்தன. இவை ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆனால் வலிமை மிக்க பைங்குடில் வளிமங்கள் ஆகும். ஆகவே இவற்றையும் படிப்படியாகக் குறைக்க 2016 அக்டோபரில் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் ஒரு திருத்தம் ஏற்கப்பட்டது. அது 2019 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா இதனை 2021 இல் ஏற்புறுதி செய்தது. இந்தியாவுக்கான அட்டவணைப்படி பயன்பாடு 2028 இல் உறைநிலைக்கு வந்து, 2047 இல் 85% குறைக்கப்பட வேண்டும்.

சில்லர் எனப்படும் பெரிய நீர்குளிர்விப்பு இயந்திரங்கள் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கக்கூடியவை. எனவே இன்று வாங்கப்படும் இயந்திரம், அதன் குளிர்பதனப் பொருளின் வழங்கல் குறைந்துவரும் காலத்திலும் இயங்க வேண்டியிருக்கும்.

தாக்கத்தின் அளவு

ஒரு பொருளின் புவி வெப்பமாக்கும் திறன், 100 ஆண்டுக் காலத்தில் அதே எடையுள்ள கரியமில வளிமத்துடன் ஒப்பிட்டுக் கணிக்கப்படுகிறது. ஆர்-410ஏ 2088, ஆர்-134ஏ 1430, ஆர்-32 675, ஆர்-513ஏ ஏறத்தாழ 630 என்ற மதிப்புகளைக் கொண்டுள்ளன. எடுத்துக்காட்டாக, 200 கிலோ ஆர்-134ஏ உள்ள சில்லரில் ஓராண்டில் 5% கசிந்தால், அந்த 10 கிலோ 14.3 தொன் கரியமில வளிமத்துக்குச் சமமாகும்.

மாற்றுப் பொருட்களும் பாதுகாப்பும்

ஆர்-134ஏ பயன்படுத்தும் சில்லர்கள் சிலவற்றை, தீப்பற்றாத ஆர்-513ஏ கலவைக்கு மாற்ற இயலும். ஆர்-1234இசட்இ-யின் வெப்பமாக்கும் திறன் 10 ஐ விடக் குறைவு. எனினும் அதே அமுக்கியில் குளிர்விக்கும் திறன் ஏறத்தாழ கால்பங்கு குறைவதால், அதற்கெனப் பெரிய அமுக்கி தேவைப்படுகிறது.

ஆர்-410ஏ-க்கு மாற்றான ஆர்-32, ஆர்-454பி ஆகியவை ஏ2எல் வகுப்பைச் சேர்ந்தவை. அதாவது நச்சுத்தன்மை குறைந்தவை, ஆனால் மெதுவாகத் தீப்பற்றக்கூடியவை. தீப்பற்றாத ஏ1 வகுப்புக்கென வடிவமைக்கப்பட்ட இயந்திரத்தில் இவற்றை நிரப்புதல் கூடாது. சில்லர் அமைப்பில் குளிர்பதனப் பொருள் இயந்திர அறையிலேயே இருக்க, குளிர்நீர் மட்டும் தளங்களுக்குச் செல்கிறது. விஆர்எப் அமைப்பிலோ குளிர்பதனப் பொருளே மக்கள் இருக்கும் அறைகள் வரை செல்வதால், கசிவு ஏற்பட்டால் அறையில் சேரக்கூடிய அளவு முன்னரே கணக்கிடப்பட வேண்டும்.

ஆயத்தப் பணிகள்

- ஒவ்வோர் இயந்திரத்திலும் உள்ள பொருளின் பெயர், எடை, இயந்திரத்தின் வயது, ஆண்டுதோறும் நிரப்பிய அளவு ஆகியவற்றைப் பதிவு செய்தல்.
- கசிவுகளைக் கண்டறிந்து அடைத்தல். செலவு குறைந்ததும் உடனே பயன் தருவதுமான பணி இதுவே.
- எஞ்சிய ஆயுளைக் கொண்டு, எதனை மாற்றியமைப்பது, எதனைப் புதிதாக வாங்குவது என இயந்திரம் பழுதாகும் முன்பே முடிவு செய்தல்.
- இயந்திர அறையில் கசிவு உணரிகளையும், அவற்றால் இயங்கும் காற்றுப்போக்கிகளையும் அமைத்தல்.
- மாற்றுப்பொருளால் மின்நுகர்வு கூடுமா எனச் சரிபார்த்தல். கூடினால் கிடைக்கும் பயன் குறைந்துவிடும்.
- தொழில்நுட்பப் பணியாளருக்குத் தீப்பற்றும் பொருட்களைக் கையாளப் பயிற்சி அளித்தல்.

அகற்றப்படும் பழைய பொருளை வளிமண்டலத்தில் திறந்துவிடாமல், மீட்புக் கருவி கொண்டு உருளைகளில் சேகரிக்க வேண்டும். அதனைத் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்தலாம்; இயலாதபோது அழிக்கலாம். மீட்காமல் திறந்துவிட்டால், மாற்றத்தினால் தவிர்க்க எண்ணிய பாதிப்பு மாற்றத்தின் போதே நிகழ்ந்துவிடும்.