மல்லிகைச் செடியும் அதன் விலையும்

நமது உறுப்பினர்களில் பெரும்பாலோர் அரிசி, பருப்பு, எண்ணெய், புளி என்று தங்கும் சரக்கில் தொழில் செய்பவர்கள். ஆனால் கடை திறந்ததும் நாம் முதலில் வாங்குவது தங்காத சரக்கு ஒன்றை. சாமி படத்துக்குச் சாத்தும் மல்லிகைப் பூதான் அது. சித்திரையில் மலிவாகக் கிடைக்கும் பூ, தை முகூர்த்த நாட்களில் கிலோ ஆயிரக்கணக்கில் போகிறது. உடனே "வியாபாரிகள் ஏற்றிவிட்டார்கள்" என்று பேச்சு எழுகிறது. செடியை வளர்த்துப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். எனவே மல்லிகை வளர்க்கும் முறையை அறிவது வணிகர்களாகிய நமக்கும் நல்லது.

குண்டுமல்லி வெயிலை விரும்பும் செடி. மதுரை, உசிலம்பட்டி, நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பகுதிகளில் பெருமளவு பயிராகிறது. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. நாற்றுக்குப் பெயர் பெற்றது இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம்.

தண்ணீர் தேங்காத செம்மண் கலந்த நிலம் ஏற்றது. ஜூன் முதல் நவம்பர் வரை நடலாம். ஓர் அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் இட வேண்டும். செடிக்குச் செடி 1.25 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 2,500 செடிகள் பிடிக்கும். ஆறாம் மாதம் பூக்கத் தொடங்கும். நல்ல மகசூல் இரண்டாம் ஆண்டிலிருந்துதான். அதுவரை விவசாயி போட்ட முதல் மண்ணில் கிடக்கிறது.

முக்கியமான வேலை கவாத்து. மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். ஆகவே நவம்பர் கடைசி வாரத்தில் தண்ணீரை நிறுத்தி, தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி உயரத்தில் செடியை வெட்டிவிட்டு, உரமிட்டு நீர் பாய்ச்சுவார்கள். மார்ச் முதல் ஜூலை வரை பூத்துக் குலுங்கும். மார்கழி, தை மாதங்களில் ஒருபுறம் வெட்டிய செடி, மறுபுறம் பனியும் குளிரும். வரத்து குறைகிறது. அந்த நேரத்தில்தான் பொங்கலும் தை முகூர்த்தங்களும் வருகின்றன. விலை ஏறாமல் என்ன செய்யும்? பருப்பு மூட்டையை அடுக்கி வைப்பதுபோல் இதைப் பதுக்கவும் முடியாது. காலையில் பறித்த மொட்டு மாலையில் விரிந்துவிடும்.

கோடையின் கதை வேறு. எல்லாத் தோட்டமும் ஒரே நேரத்தில் பூப்பதால் விலை சரிகிறது. ஆனால் விடியுமுன் மொட்டு மொட்டாகப் பறிப்பவர்களின் கூலி சரிவதில்லை. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாத நாட்களில் விவசாயி பூவைச் செடியிலேயே விட்டுவிடுவதும் உண்டு. குளிர்காலத்து விலையை ஏற்றம் என்று பார்க்காமல், கோடை நஷ்டத்தை ஈடுகட்டும் வரவு என்று பார்ப்பதே கணக்கறிந்தவர் பார்வை.

கடை மாடியிலோ பின்வாசலிலோ இடமுள்ளவர்கள் ஒரு தொட்டி வைத்துப் பாருங்கள். செம்மண், மணல், மக்கிய சாண எரு சம பங்கு போதும். தினம் ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும். நிழலில் வைத்தால் இலை தழைக்கும், பூ வராது. மேல்மண் காய்ந்தபின் தண்ணீர் ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து நீர்க்க ஊற்றலாம். துளிர் இலை மஞ்சளித்தால் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளிக்கலாம். மொட்டுப்புழு துளைத்த மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிடுங்கள். கார்த்திகையில் வெட்டத் தயங்காதீர்கள். என் மண்டி மாடியில் உள்ள இரண்டு தொட்டிகளிலும், வெட்டிய கிளையிலிருந்துதான் மாசிக்குமேல் மொட்டு வருகிறது.

நம் கடை வாசலில் பூக்கட்டி விற்கும் அம்மாவின் நிலையையும் எண்ண வேண்டும். பெரும்பாலும் அன்றன்று கடன் வாங்கியே முதல் போடுகிறார்கள். விற்காத பூ இரவில் குப்பைக்குத்தான். அவர்களிடம் மாதக் கணக்கு வைக்காமல் அன்றைய காசை அன்றே கொடுப்போம். வெயிலில் வாடாமல் உட்கார நம் கடை நிழலில் இரண்டடி இடம் விடுவோம். முழத்துக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லுமுன், அந்தப் பூ எத்தனை மணிக்குப் பறிக்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்ப்போம்.